ஆற்றில் விட்ட தகடு

ரப்பர் மரத்துக்கு ஈரம் ஆகாது. பட்டை நனைந்திருக்கும்போது கத்தி வைத்தால் பால் சிரட்டைக்கு வராது; மரத்தைச் சுற்றி வழிந்து மண்ணுக்குத்தான் போகும். அதனால் வைகாசி மழைக் காலத்தில் பால்வெட்டுப் பெண்கள் விடிந்ததும் மலைக்கு வந்து, படங்குத் துணியைத் தலையில் போட்டுக்கொண்டு, மரம் எப்போது காயும் என்று அண்ணாந்து பார்த்தபடி குந்தியிருப்பார்கள். அட்டை காலில் ஏறும். சுண்ணாம்பைத் தடவி உதறினால் அடுத்த காலில் ஏறும். மரம் காயாவிட்டால் முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம், கிடையாது. அரைப்பேராவது போடுவதா வேண்டாமா என்பது கணக்கப்பிள்ளை அன்றைக்கு யார் முகத்தில் விழித்தார் என்பதைப் பொறுத்தது.

சீதாதேவிக்கு முன்பெல்லாம் மழை என்றால் இந்தக் கவலைதான். இந்த வருஷம் மரம் எக்கேடாவது கெடட்டும் என்று இருந்தது. பொலிஸ் முற்றத்தில் கார் நனைகிறதே என்பதுதான் இப்போது அவளுடைய கவலை.

இதை அவள் வாயைத் திறந்து சொன்னால் கீழ் டிவிசன் லயத்தில் ஒருத்தரும் நம்பமாட்டார்கள். அந்தக் காரை அவள் அவ்வளவு திட்டித் தீர்த்திருக்கிறாள். புருஷன் பழனிமுத்து அதை மைனர் என்று செல்லமாகச் சொல்வார். இவள் வைத்த பேர் எழவெடுத்த தகரம்.

"நாளைக்கா கேசு?" என்று பக்கத்திலிருந்த மூக்காயி கேட்டாள். லயத்தில் அடுத்த காம்பிராவில் குடியிருக்கிறவள், சீதாதேவிக்கு மூத்தவள்.

"நாளைக்குத்தான்க்கா."

"காரு வந்துருமாடி?"

"லாயரு மாத்தயா ஒன்னுஞ் சொல்ல மாட்டேங்குறாரு. எதக் கேட்டாலும் 'பலமு'ங்குறாரு. பாப்பமாம்."

"பாப்பமா? அத நானே சொல்லுவேனே. எனக்கு அந்தக் கறுப்புக் கோட்ட மாட்டி வுடச் சொல்லு." மூக்காயி வெற்றிலையைத் துப்பினாள். பிறகு குரலை இறக்கிக்கொண்டாள். "வந்தாத்தான்டி நல்லது. ஒம்புருசனப் பாக்க முடியல. செக்ரோல்ல பேரு வெட்டுன ஆளு மாதிரி திரியிறாரு. நேத்து எங்க வூட்டுக்காரரு வழியில கூப்புடுறாரு, காதுல வுழவே இல்ல."

"சோறும் எறங்கல. நேத்து பிலாக்கா ஆக்கி, கருவாடு பொரிச்சு வெச்சேன். பெசஞ்சுக்கிட்டே இருந்துட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு."

"திட்டுறாரா?"

"அது ஒன்னுதான்க்கா இல்ல," என்றாள் சீதாதேவி. "திட்டிட்டாத்தான் தேவலயே."

மூக்காயிக்கு அது ஏன் என்று தெரியும். லயத்துக்கே தெரியும்.

பழனிமுத்து ரப்பர் ஸ்டோரில் பிட்டர். பால் உறைந்ததும் ரோலரில் போட்டுத் தகடாக இழுக்கிற மெஷின்களை ஓடவைப்பது அவர் வேலை. அந்த வேலையில் ஆசை என்று ஒன்றும் கிடையாது, சம்பளத்துக்குச் செய்தார். ஆசையெல்லாம் அந்த மொரிஸ் மைனர் மேலேதான். தோட்டத்தின் பெரிய கிளாக்கர் ஓட்டித் திரிந்த கார் அது. அவர் செத்துப்போன பிறகு குவார்ட்டர்ஸைக் காலி பண்ண மகள் கொழும்பிலிருந்து வந்தாள். கொட்டிலில் நின்ற காருக்குள் கோழி முட்டையிட்டிருந்தது. "வேணும்னா எடுத்துக்கங்க பழனிமுத்து, இல்லாட்டிப் பழைய இரும்புக்குப் போட்டுறப்போறேன்" என்றாள். ஆள் சேர்த்துத் தள்ளிக்கொண்டு அவர் லயத்துப் பக்கம் வந்தபோது ஊரே கூடி வேடிக்கை பார்த்தது. பிள்ளைகள் கோழிமாதிரிக் கொக்கரித்துக்கொண்டு பின்னால் வந்தார்கள். சீதாதேவிக்கு வெட்கத்தில் தலை நிமிரவில்லை.

அதன் பிறகு அவருக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது, பௌர்ணமிப் போயா விடுமுறை கிடையாது. காம்பிராவுக்குப் பக்கத்தில் தகரக் கொட்டில் ஒன்று எழும்பியது. ருவான்வெல்லையில் பழைய வாகனச் சாமான் கடை வைத்திருக்கிற ரிப்கான், எங்கெங்கோ தேடி ஒவ்வொரு சாமானாகக் கொண்டுவந்து கொடுப்பார். கிடைக்காததை இவரே செய்தார். கதவு ஓரத்துக்கு வைக்கிற ரப்பரை ஸ்டோர் ரப்பரில் வெட்டி, புகை அறையில் போட்டுப் பதப்படுத்தி ஒட்டினார். அதனால் அந்தக் காருக்குள் உட்கார்ந்தால் ஸ்டோர் வாசம்தான் அடிக்கும். திரும்பும்போது விளக்கு மினுக்குகிற கார் இல்லை அது. கதவுத் தூணிலிருந்து சின்னதாக ஒரு கை எழும்பி நிற்கும். அந்தக் கையைத் தூக்கவைப்பதற்கு மட்டும் ஒரு மழைக்காலம் முழுக்கப் போனது. அது முதல்முதலாக எழும்பிய நாளில் அவர் சமையலறைக்கு ஓடிவந்து அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினார்.

"இதுக்கா என்னய அடுப்படியிலேருந்து இழுத்தாந்தீங்க? ரொட்டி கருகுது," என்று அவள் திரும்பிப் போய்விட்டாள்.

எந்த வீட்டிலும் புருஷனுக்கு ஏதாவது ஒரு கிறுக்கு இருக்கத்தான் செய்யும். குடிக்கிறவன் இருக்கிறான், சீட்டாடுகிறவன் இருக்கிறான். இவர் காரைத் துடைக்கிறார். அப்படித்தான் அவள் மனதைத் தேற்றிக்கொள்வாள். ஆனாலும் தன்னிடம் பேசுகிறதைவிட அதனிடம் அதிகம் பேசுகிறாரே என்கிற எரிச்சல் அவளுக்குக் கடைசிவரை தீரவில்லை.

எஞ்சினுக்குப் பின்னால், கண்ணாடிக்குக் கீழே குறுக்கே ஒரு தகடு இருக்கும். அதில்தான் காரின் சேசிஸ் நம்பர் அடித்திருந்தது. எஞ்சினைக் கிளாக்கர் காலத்திலேயே மாற்றிவிட்டார்கள். ஆக, இந்தக் கார் இன்ன கார் என்று சொல்ல மிஞ்சியிருந்தது அந்த நம்பர் ஒன்றுதான். ஸ்டோரில் சரஸ்வதி பூசைக்கு மெஷின்களுக்குப் பொட்டு வைத்ததும், மிச்சச் சந்தனத்தையும் குங்குமத்தையும் பழனிமுத்து வாழையிலையில் மடித்துக் கொண்டுவருவார். காருக்கு எங்கே பொட்டு வைப்பது என்று யோசித்து, அந்த நம்பர்மேல் வைத்தார். "அதுதான் அதுக்கு நெத்தி" என்பார். சூடம் காட்டுவார். வருஷா வருஷம் நடந்தது.

மைனர் காரில் பெட்டரி வைக்கிற தட்டு அந்தத் தகட்டோடு ஒட்டியே இருக்கிறது. பெட்டரி அசிட் வழிந்து வழிந்து தகட்டை அரித்துவிட்டது. மூன்று வருஷத்துக்கு முன்னால் அவர் துடைத்தபோது துணியோடு செதில் செதிலாக வந்தது. அழுகினதை வைத்துக்கொண்டிருக்க அவருக்குப் பிடிக்காது. சதுரமாக வெட்டி எடுத்தார், புதுத் தகட்டை வைத்து ஒட்டினார். ஒட்டின இடம் தடவினால்கூடத் தெரியாது. பிறகு இரும்பில் எண் அடிக்கிற அச்சுகளை ஸ்டோரிலிருந்து கொண்டுவந்து, பழைய நம்பரையே புதுத் தகட்டில் அடித்தார். பழையதில் எண்கள் ஏற இறங்க இருந்தன. இவர் கோடு போட்டு, ஒரு எண்கூடப் பிசகாமல், நேராக அடித்தார். ஒரு ஞாயிறு பூராவும் அதற்கே போயிற்று.

வெட்டி எடுத்த பழைய துண்டைச் சுவரில் ஆணி அடித்து மாட்டப் போனார். சீதாதேவி தடுத்தாள்.

"அத வூட்டுல மாட்டாதீங்க."

"ஏன், ஒன்னய என்ன செய்யிது?"

"பொட்டு வெச்சு சூடங் காட்டுன சாமானுங்க அது. ஓட்டயாப் போனப்பறம் வூட்டுல வெச்சுக்கப்படாது. சாமி படம் ஒடஞ்சா என்ன செய்வோம்? ஆத்துலதான விடுவோம்."

பழனிமுத்து சுத்தியலைக் கையில் பிடித்தபடி அவளையே பார்த்தார். இரண்டு வார்த்தை மல்லுக்கு நிற்பார் என்று அவள் எதிர்பார்த்தாள். நிற்கவில்லை. அன்று சாயந்தரமே இரண்டு பேரும் தோட்டத்துக்குக் கீழே ஓடுகிற ஆற்றுக்கு, ஓயாவுக்கு, இறங்கினார்கள். வெற்றிலையில் சூடம் கொளுத்தி, தகட்டை இடுப்பளவு தண்ணீரில் விட்டார். அவள் கரையில் நின்று கும்பிட்டாள்.

போன ஆவணியில் காரைத் தன் பேருக்கு மாற்ற மோட்டார் வாகன அலுவலகத்துக்கு எடுத்துக்கொண்டு போனார். கிளாக்கர் மகள் கையெழுத்தெல்லாம் போட்டுக் கொடுத்திருந்தாள். பேர் மாறுவதற்கு முன்னால் பரிசோதகர் ஒருமுறை காரைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். சீதாதேவியும் நீலச் சேலை கட்டிக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்து போனாள். வேலை முடிந்ததும் அப்படியே கரவனெல்லவில் இருக்கிற தங்கச்சி புஷ்பம் வீட்டுக்குப் போவதாகத் திட்டம். காரில் வருகிறோம் என்று போன் பண்ணி, கோழி அடிக்கச் சொல்லியிருந்தாள். அந்தத் தகரத்தில் ஏறி ஊருக்குள் போவதில் தனக்கும் கொஞ்சம் பெருமை வந்துவிட்டதே என்று அவளுக்கே சிரிப்பாக இருந்தது.

பரிசோதகர் வயதான சிங்கள மனிதர். காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். சின்னக் கையைத் தூக்கிக் காட்டச் சொல்லிப் பிள்ளைமாதிரிச் சிரித்தார். பிறகு குனிந்து நம்பரைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இது யார் அடித்தது?" என்று சிங்களத்தில் கேட்டார்.

தெரியாது என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். கிளாக்கர் காலத்திலேயே அப்படித்தான் இருந்தது என்று சொல்லியிருக்கலாம். பழனிமுத்துவுக்கோ அன்றுவரை அந்தக் காரில் தான் செய்த வேலையை விஷயம் தெரிந்த ஒருத்தர் குனிந்து பார்த்ததே கிடையாது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "மம தமய் சேர்" என்றார். நான்தான் சேர். அதோடு நிற்காமல், பழையது எப்படிக் கோணலாக இருந்தது, தான் எப்படிக் கோடு போட்டு நேராக்கினார் என்று கையால் காட்டிக் காட்டி விளக்கினார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பார்களே, அதைச் சீதாதேவி அன்றுதான் கண்ணால் பார்த்தாள். அப்போது அவளுக்கும் அது விளங்கவில்லை. புருஷனைப் பரிசோதகர் பாராட்டுகிறார் என்றுதான் நினைத்துக்கொண்டு நின்றாள்.

பரிசோதகர் கண்ணாடியைக் கழற்றினார். "ஐயோ மனுஷா, இதை நீ சொல்லியிருக்கக் கூடாது. காதில் கேட்ட பிறகு நான் எழுதாமல் விட முடியாது. நம்பரை மறுபடி அடிப்பது குற்றம். களவெடுத்த காருக்கு அப்படித்தான் செய்வார்கள். பழைய தகட்டையாவது கொண்டுவா, பார்க்கலாம். எங்கே அது?"

"ஆற்றில் போட்டுவிட்டேன் சேர்."

சிங்களம் அவருக்குத் தாய்ப்பால்மாதிரி. அதில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் நம்பரை மாற்றி அடித்தவன் பழைய நம்பரை ஆற்றில் போட்டுவிட்டேன் என்று சொன்னால் கேட்கிறவன் என்ன நினைப்பான்? பொலிஸில் சார்ஜன்ட் எழுதும்போது, சூடம் காட்டித்தான் விட்டோம் என்று சீதாதேவி குறுக்கே சொல்லிப் பார்த்தாள். "கார் தகரத்துக்குப் பூசையா?" என்று சார்ஜன்ட் பக்கத்து மேசைக்காரரைப் பார்த்துச் சிரித்தார். கோழிக்கறி வைத்துக்கொண்டு புஷ்பம் இரவுவரை காத்திருந்தாள்.

அன்றைக்குப் பொலிஸ் முற்றத்துக்குப் போன கார்தான். கேசுச் சாமான் என்பதால் யாரும் கை வைக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பழனிமுத்து பஸ் ஏறிப் போய்க் கம்பி வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வருவார். வாசலில் நிற்கிற ராலாமி, பொலிஸ்காரர் என்றாலும் இரக்கமுள்ளவர். காருக்கு மேலே ஒரு படங்கைக் கட்ட விட்டார். கார்த்திகை வெள்ளத்தில் பாதி டவுன் முழுகியது, மலை சரிந்து வீடுகள் போயின. பொலிஸ் முற்றம் மேட்டில் இருந்ததால் காருக்கு ஒன்றும் ஆகவில்லை. படங்கு மட்டும் காற்றோடு போயிற்று.

ஒவ்வொரு ஞாயிறும் திரும்பி வந்ததும் பால் போடாத சாயத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துச் சொல்வார்.

"பின் டயரு ரெண்டும் தரையோட போச்சு."

அடுத்த ஞாயிறு: "எடது பக்கத்து ரப்பரு விட்டுக்கிச்சு. தண்ணி உள்ளுக்குத்தான் போகுது."

அதற்கடுத்த ஞாயிறு: "கொடி ஏறுது. கண்ணாடிய மூடிரும்போல இருக்கு."

சீதாதேவி என்ன பதில் சொல்வாள்? நான்தானே ஆற்றில் விடச் சொன்னேன் என்று ஒவ்வொரு முறையும் தொண்டைவரை வரும். அவர் சொல்லட்டும் என்று காத்திருப்பாள். அவர் சொல்லமாட்டார். கிளாஸைக் கழுவி வைத்துவிட்டு, வெறும் கொட்டிலில் போய் உட்கார்ந்துகொள்வார்.

லாயர் கேட்டது ஒன்றே ஒன்று. பழைய தகடு இருந்தால் இரண்டு நம்பரும் ஒன்று என்று காட்டலாம். களவு இல்லை, துரு பிடித்ததால் மாற்றியது என்று கெஞ்சலாம். தகடு இல்லாவிட்டால் போட்டோவாவது வேண்டும். போட்டோ ஒன்று இருந்தது. சரஸ்வதி பூசையன்று போனில் எடுத்தது. எஞ்சின் மூடி திறந்து, பழைய தகடு பளிச்சென்று தெரிந்தது. நம்பர் மட்டும் தெரியவில்லை. அதன்மேல் சந்தனத்தை அப்பி, நடுவில் இவ்வளவு பெரிய குங்குமப் பொட்டு வைத்திருந்தார். லாயர் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

மாசி மாதம் ஓயாவில் தண்ணீர் இறங்கியதும் தேடிப் பார்ப்பது என்று போனார்கள். ரிப்கானும் கடையைப் பூட்டிவிட்டு வந்தார். அரித்துப்போன தகரம் மூன்று வருஷம் தண்ணீரில் கிடந்து இன்னும் மிஞ்சியிருக்கும் என்று மூவரில் ஒருவரும் நம்பவில்லை. ஆனாலும் ஒருவரும் அதைச் சொல்லவில்லை.

"அண்ணே, நீங்க விட்ட எடம் இதுதானா?" ரிப்கான் கால்சட்டையை மடித்துக்கொண்டு நின்றார். "இந்தப் பாற முன்னுக்கு இங்க ஈக்கல்லயே."

"வெள்ளம் கொண்டாந்து போட்டிருக்கு ரிப்கான் நானா. ஆறே எடம் மாறிக் கெடக்கு."

"அக்கா, நீங்க எங்க நின்டீங்க?"

"அந்தா, அந்தக் கித்துள் மரத்தடியில," என்று சீதாதேவி கையை நீட்டினாள். நீட்டின இடத்தில் மரமும் இல்லை, கரையும் இல்லை. மண்தான் இருந்தது.

குனிந்து கையால் துழாவினார்கள். தகரம் வந்தது. கூரைத் தகரம். ஒரு அலுமாரியின் கதவு வந்தது, கண்ணாடி உடையாமல். பிள்ளையின் ஒற்றைச் சப்பாத்து வந்தது. அதைக் கையில் எடுத்த சீதாதேவிக்கு எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மெதுவாகக் கரையில் ஒரு கல்லின் மேல் வைத்தாள்.

எதிர்க்கரையில் குளிக்க வந்த சிங்களப் பெரியவர் ஒருவர் இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு தண்ணீருக்குள் நடந்து பக்கத்தில் வந்தார். குரலை இறக்கி, "உங்கள் ஆட்களா? யார் இன்னும் கிடைக்கவில்லை?" என்று கேட்டார். "இன்னும் கொஞ்சம் கீழே, வளைவில் தேடிப் பாருங்கள். எங்கள் ஆட்கள் இரண்டு பேரை அங்கேதான் எடுத்தோம். வேண்டுமானால் நானும் வருகிறேன்."

பழனிமுத்து நிமிர்ந்தார். கையிலிருந்த மண்ணைத் தண்ணீரில் அலசினார். அந்த மனிதர் துவாயை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு இறங்கத் தயாராக நின்றார்.

"ஆள் இல்லை மாத்தயா," என்றார் பழனிமுத்து. "ஒன்றுமில்லை. சும்மாதான்."

கரையேறிச் சட்டையைப் பிழிந்து போட்டுக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடந்தார். அதோடு தேடல் முடிந்தது. சீதாதேவிக்கு அன்றைக்கு உண்டான வெட்கம் இன்னும் உடம்பில் இருந்தது.

"ஏய் சீதா, எந்திரி," என்று மூக்காயி உலுக்கினாள். "இன்னிக்கு வெட்டு இல்லயாம். அரைப்பேராம்."

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் கோர்ட்டுக்குப் போனார்கள். சீதாதேவி அதே நீலச் சேலையைக் கட்டிக்கொண்டாள். வேறு நல்ல சேலை இல்லை. வழக்குக் கூப்பிடுவதற்கு முன்னால் லாயர் இருவரையும் வராந்தாவின் மூலைக்கு அழைத்தார். இளம் ஆள், கெட்டவர் இல்லை. தமிழ் கொஞ்சம் தெரியும், தெரியாத இடத்தில் சிங்களத்தைப் போட்டு நிரப்பிக்கொள்வார்.

"பரிசோதனை ரிப்போட் வந்திருக்கு. நம்பர் கொம்பனி அடிச்சது இல்ல. அவ்வளவுதான். குத்தத்த ஒத்துக்கிட்டா இன்னிக்கே முடியும். தண்டம் கட்டிட்டு நீங்க வீட்டுக்குப் போகலாம்."

"காரு?" என்றார் பழனிமுத்து.

"கார் அரசாங்கத்துக்கு."

"ஒத்துக்காட்டி?"

"வழக்கு நடக்கும். வருஷக்கணக்கா இழுக்கும். கடைசியில கார் அரசாங்கத்துக்குத்தான். தகடு இல்லயே பழனிமுத்து, நான் எத வச்சுப் பேச?"

சீதாதேவிக்குப் பொறுக்கவில்லை. "நான் சாட்சி சொல்றேங்க மாத்தயா. நான்தான் ஆத்துல விடச் சொன்னேன். இவுரு ஆணியில மாட்டத்தான் போனாரு. சூடங் காட்டித்தான் விட்டோம். அம்மன் மேல சத்தியமாச் சொல்றேன். என்னய ஏத்துங்க கூண்டுல."

"அம்மே, நீங்க சொல்றத நான் நம்புறேன். ஆனா நீங்க அவர் பொஞ்சாதி. சாமிக்கு விட்டதுன்னு சட்டத்துல ஒன்னும் இல்ல."

"அப்ப ஒத்துக்காதீங்க," என்று அவள் புருஷனின் பக்கம் திரும்பினாள். "இழுத்தா இழுக்கட்டுமே. அது நிக்கிற வரைக்கும் நிக்கட்டும். ஞாயித்துக்கெழம நானும் கூட வாரேன். ராலாமிகிட்டக் கேட்டு வேற படங்கு கட்டுவோம்."

காருக்காக அவள் இப்படிப் பேசுவாள் என்று ஒரு வருஷத்துக்கு முன்னால் யாராவது சொல்லியிருந்தால் அவளே சிரித்திருப்பாள். பழனிமுத்து சிரிக்கவில்லை. வராந்தாவுக்கு வெளியே தூறலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"வேணாம் புள்ள. அது கொஞ்சங் கொஞ்சமாச் சாகுறத வேலிக்கு வெளிய நின்னு பாக்க என்னால முடியல. போவட்டும்."

உள்ளே எல்லாம் சீக்கிரம் முடிந்தது. குற்றவாளியா, குற்றமற்ற சுற்றவாளியா என்று கேட்டார்கள். குற்றவாளி என்றார். நீதவான் அம்மா தலையைத் தூக்கி ஒருமுறை அவரைப் பார்த்தாள், எழுதினாள். கார் அரசுடைமை. நம்பர் பொய் என்பதால் ஏலத்தில் விற்கவும் முடியாது. நொறுக்கி இரும்பாகத்தான் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு. அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்கள்.

வெளியே வந்ததும் பழனிமுத்து லாயரைப் பிடித்து ஒன்று கேட்டார். "மாத்தயா, ரேடியேட்டருல தண்ணி கெடக்கு. அத மட்டும் தொறந்து வுட்டுட்டு வரலாமா? உள்ளுக்குத் துரு புடிச்சிரும்."

லாயர் அவர் தோளில் கை வைத்தார். "நொறுக்கப் போறாங்க பழனிமுத்து," என்று மட்டும் சொன்னார்.

"ஆமா, ஆமா," என்றார் அவர். மறந்துபோனதை யாரோ ஞாபகப்படுத்தினமாதிரித் தலையாட்டினார்.

பஸ் ஸ்டாண்டில் கூட்டம். தோட்டப் பக்கம் போகிற புளத்கொகுபிட்டிய பஸ் இன்னும் வரவில்லை. கடையில் பிளேன்டீயும் பனிஸும் வாங்கிக் கொடுத்தாள். பனிஸைப் பையில் வைத்துக்கொண்டார். அந்தப் பை தொங்குகிற கையைச் சீதாதேவி பார்த்தாள். இத்தனை மாதமாக அடக்கிவைத்தது அந்த நடுத்தெருவில் வந்துவிட்டது.

"ஒரு வார்த்த திட்டிருங்க," என்றாள். "மனசுக்குள்ளேயே வெச்சு வெச்சு நீங்களும் சாவுறீங்க, என்னயும் கொல்லுறீங்க. நான் சொல்லித்தான அத ஆத்துல விட்டீங்க? ஒன்னாலதான்டின்னு சொல்லிருங்க. இந்த பஸ் ஸ்டாண்டே கேக்கட்டும். எனக்கு வெக்கமில்ல."

பழனிமுத்து அவளைத் திரும்பிப் பார்த்தார். கோபம் இல்லை. பஸ் பிந்தும்போல இருக்கிறது என்று சொல்கிற குரலில்தான் பேசினார்.

"ஒன்னயத் திட்ட என்னா இருக்கு. நம்பரு உள்ள துண்டக் கைய விட்டு விட்டுறாதீங்கன்னு ரிப்கான் நானா அதுக்கு முந்தியே சொல்லியிருந்தாரு. எனக்குத் தெரியும்."

"தெரியுமா?" என்றாள். "தெரிஞ்சுமா விட்டீங்க?"

"தெரிஞ்சுதான் விட்டேன்." அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டார். "அது வந்த நாள்லேருந்து அதப் பத்தி நீ ஒரு நல்ல வார்த்த சொன்னதில்ல. தகரம்ப, எழவும்ப. அன்னிக்கு ஒரு நாள்தான் சாமி சாமான்னு சொன்ன. மொதமொதலா நீ அதுக்காக ஒன்னு கேக்குற. அந்தச் சந்தோசத்துல எனக்குத் தலகால் புரியல புள்ள. மாட்டேன்னு சொல்ல மனசு வரல."

திட்டு வந்திருந்தால் அவளுக்குப் பதில் இருந்தது. அழுதுகொண்டே சொல்லலாம், காலைப் பிடித்துக்கொண்டு சொல்லலாம். மாதக்கணக்காகச் சொற்களைச் சேர்த்து வைத்திருந்தாள். அவையெல்லாம் திட்டுக்கென்று சேர்த்தவை.

பஸ் வந்து நின்றது. எல்லாரும் ஒரே நேரத்தில் முண்டியடித்தார்கள். அவர் முன் கதவால் ஏறினார். அவளைச் சனம் தள்ளிக்கொண்டு போய்ப் பின் கதவால் ஏற்றிவிட்டது. கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டி எட்டிப் பார்த்தாள். நடுவில் அத்தனை தலை. அதில் அவருடையது எது என்று அவளுக்குத் தெரியவில்லை.